கால் எத்தனை

பயம் எங்கே இருக்கிறதென்று முன்பெல்லாம் தெரியும்.
காலுக்கடியில், நாற்பது மீட்டர் கீழே,
கண்ணாடித் தரைக்கு அந்தப் பக்கம்.
தஞ்சோங் பகாரில் பதினோரு வருஷம்
குனிந்து குனிந்து அதையே பார்த்திருந்தேன்.
காற்றடித்தால் கூண்டு ஆடும்,
ஆடினால் என் கை தானாக இளகும்.
கழிப்பறைக்கு இறங்கி ஏற அரைமணி ஆகுமென்று
தண்ணீர் குடிக்காத நாட்கள் எல்லாம் சேர்ந்து
ஒருநாள் கல்லாக வெளிவந்தன.
டாக்டர் அதை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்,
சம்பளம் மாதிரி.

துவாஸில் இப்போது நாற்காலி.
ஆறு திரை, நான்கு கிரேன், ஒரே நான்.
கழிப்பறை பன்னிரண்டு அடி.
"இந்த வேலையில் இனி யாரும் விழ முடியாது"
என்றார் பயிற்சியில் திரு. கோ.
உண்மைதான்,
நாற்காலியிலிருந்து எவ்வளவு தூரம்தான் விழுவது?

வலி மட்டும் வீடு மாற்றிக்கொண்டது,
முதுகிலிருந்து மணிக்கட்டுக்கு,
அங்கிருந்து இமைக்குப் பின்னால்.
தேக்கா சந்தையில் மீன்காரர் கத்தியை ஓங்க
என் கட்டைவிரல் கூடைப் பிடியில்
சிவப்புப் பொத்தானைத் தேடியது.

அன்றைக்கு அதிகாலை மூன்று மணி.
மூன்றாம் கிரேன் நின்றது.
ஆள் நடமாட்டம், என்றது திரை.
பெரிதாக்கிப் பார்த்தால்
ஒரு சிலந்தி.
கேமரா வில்லையில் காலை அகட்டிக்கொண்டு,
முப்பது டன் பெட்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு
அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பக்கத்து நாற்காலி நூர்ஹைனா
மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள்.
புகார் அனுப்பினேன்: வில்லையைத் துடைக்கவும்.
விடுவித்தேன்.

மறுபடி நின்றது. விடுவித்தேன்.
மறுபடி.
ஐந்தாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.
எட்டாவது தடவை
திரை சொல்லுமுன்பே விரல் போய் நின்றது.
புலி வருது கதையில்
புலிக்கும் பையனுக்கும்தான் பேச்சு.
கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்
அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டவளைப் பற்றி
யார் சொன்னார்கள்?

பன்னிரண்டாவது தடவை
கண் எரிந்தது.
சொட்டுமருந்து விட அண்ணாந்தேன்.
அவ்வளவுதான், மூன்று சொட்டு.
குனிந்தபோது சிலந்திக்குக் கீழே
ஒரு தலைக்கவசம்.
கால் எட்டல்ல.

கையில் நீளக் கழி, நுனியில் துணி.
துடைக்க வந்தவர்.
என் புகாருக்குத்தான் வந்தவர்.
வருகிறார் என்ற செய்தி
வேறொரு திரைக்குப் போயிருந்தது.
அந்தத் திரைக்கு அன்று ஆள் இல்லை.
பெட்டி அவர் தலைக்கு மேல்
அசையாமல் தொங்கியது.
என் விரல் பொத்தானுக்கு மேல்
அசையாமல் தொங்கியது.
துணி வந்து மூடியது,
திரை முழுக்க வெறும் துணி,
அதன் நூல்கூட எண்ணலாம்.
பிறகு தெளிந்தது.
அவர் கேமராவைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டிவிட்டுப்
போனார்.
நான் பதிலுக்குக் காட்டினேன்,
ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி,
ஜன்னல் இல்லாத அறையில்.

படிவம் நிரப்பினேன்.
காயம்: இல்லை. சேதம்: இல்லை.
இழந்த நேரம்: நான்கு நிமிடம்.
காரணம் என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க ஆறு.
சிலந்தி இல்லை, சொட்டுமருந்து இல்லை,
கவனக்குறைவு இருந்தது.
"மற்றவை" என்பதில் ஐம்பது எழுத்துக்குத்தான் இடம்.
எழுதி எழுதி அழித்தேன்.
அவர் பெயர் தவசீலன் என்று மறுநாள் கேட்டு அறிந்தேன்,
ஒப்பந்த ஊழியர், இரவுக்கூலி,
நடந்தது அவருக்குத் தெரியாது.
சொல்லலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

நான்கு கிரேனை இரண்டாக்கச் சொன்னேன்.
அடுத்த ஆண்டு ஆறு, என்றார் திரு. கோ,
வருத்தத்தோடுதான்.

இப்போது ஒவ்வொரு தடவையும்
விடுவிக்கும் முன் வாய்விட்டுக் கேட்கிறேன்:
கால் எத்தனை?
ஒரு ஷிஃப்டுக்கு நூறு, நூற்றிருபது முறை.
நூர்ஹைனா முதலில் ஜெபமென்று நினைத்தாள்.
இப்போது அவளும் கேட்கிறாள், மலாயில்.

போன வாரம் எங்கள் முகத்தைப் பார்க்க
மேசைமேல் புதிதாக ஒரு கேமரா வைத்தார்கள்.
நேற்று அது எனக்கு மஞ்சள் விளக்குப் போட்டது:
உதடு அசைகிறது. தனியாகப் பேசுகிறார்.
களைப்பாக இருக்கலாம்.